அக்காவோடு 14 கிலோமீட்டர்

அன்புள்ள அம்மா,

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் அக்காவோடு திருவண்ணாமலையில் இருந்தேன். அவள் திருச்சியில், நான் ஓசூரில். எங்களைப் பெற்ற அம்மா இறந்துபோனபிறகு கல்யாணம், காரியம் என்றால்தான் பார்த்துக்கொள்கிறோம். சனிக்கிழமை விடிகாலையில் கிரிவலம் போனோம். சாயங்காலம் அறையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆடினோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மனதில் ஒரு குறை. அம்மாவின் கடைசி வருஷங்களில் பாரம் முழுக்க அக்கா தலையில்தான் விழுந்தது. அதை மனம்விட்டுப் பேச வேண்டும் என்றுதான் வரச்சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவளுக்குக் குதிகால் வலி வந்ததுதான் மிச்சம். அந்த இரண்டு நாளை வீணாக்கிவிட்டேனா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

வீணாகவில்லை. எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். அக்கா இடத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் அக்காவை ஓசூருக்கு வரச்சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பையை வைத்த கையோடு அடுப்படிக்குப் போயிருப்பார். பிள்ளைகளின் படிப்பு, யாருக்கு என்ன உடம்பு என்று பேச்சு போயிருக்கும். தம்பி வீடானாலும் அது இன்னொருவர் குடித்தனம், அங்கே ஓர் அக்கா விருந்தாளியாகவும் இருப்பார், வேலைக்காரியாகவும் இருப்பார். திருவண்ணாமலையில் அவர் யாருக்கும் சமைக்கவில்லை. யாருடைய மாத்திரை நேரத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. பல வருஷம் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓர் ஆணுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். விடிகாலை நாலு மணிக்குத் தனக்காக மட்டும் எழுந்திருக்கிறார், பாருங்கள்.

நானும் தம்பியும் ஐந்தாறு வருஷமாக அந்த மலையைச் சுற்றுகிறோம். பௌர்ணமிக்குப் போவதில்லை. அன்றைக்கு லட்சக்கணக்கான ஜனம், கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதே பாடு. சாதாரண சனிக்கிழமையில் இருட்டோடு ராஜகோபுரத்திலிருந்து கிளம்பினால், வழியிலுள்ள எட்டு லிங்கக் கோயில்களில் ஒன்றான அக்னி லிங்கம் தாண்டி, ரமணாசிரமம் தாண்டி, செங்கம் சாலையிலிருந்து வலது பக்கம் திரும்பும்போது கடைகளும் வண்டிச் சத்தமும் பின்னால் போய்விடும். அங்கிருந்து அடி அண்ணாமலை வரைக்கும் உள்ள தூரம்தான் எனக்குப் பிடித்தது. மரங்கள் இருக்கும், வலக்கைப் பக்கம் மலை இருக்கும். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் நடப்பதற்கு என்று விட்டுவிட்டு நாம் இடப்பக்கமாகவே போவோம். நிருதி லிங்கத்தில் பார்த்த மலையும் வருண லிங்கத்தில் பார்க்கிற மலையும் ஒன்றுதான் என்று நம்பமுடியாது, அவ்வளவு உருவம் மாறியிருக்கும். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நடக்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

எதிரெதிரே உட்கார்ந்து "உன்னிடம் ஒன்று சொல்லணும்" என்று ஆரம்பித்தால், கேட்பவருக்கு உடனே ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. மன்னிக்கவேண்டும், அழவேண்டும், குறைந்தது "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றாவது சொல்லவேண்டும். உங்கள் அக்கா ஏற்கெனவே நிறையப் பொறுப்பு சுமந்தவர். உங்கள் மனச்சுமையை இறக்கிவைக்கும் வேலையையும் அவருக்கே கொடுக்காமல் வந்தீர்கள். அது நல்லதுதான்.

அப்புறம் தாயம். அதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் கடிதத்திலேயே முக்கியமாகப் பட்டது. தாயம் விழாமல் காய் இறங்காது. எதிராளி பன்னிரண்டும் ஐந்துமாகப் போட்டு ஓடிக்கொண்டிருப்பார், நாம் கட்டையை உருட்டி உருட்டி உட்கார்ந்திருப்போம். பழமாக நாலு கட்டம் இருக்கும்போது வெட்டு விழும். என் தம்பி இப்போதும் வெட்டு வாங்கினால், "கட்டை சரியாக உருளவில்லை, மறுபடி போடு" என்று சண்டைக்கு வருவான். ஒன்பது வயதில் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். அந்தக் குரலைக் கேட்டவர்கள் உலகத்தில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். எங்கள் அப்பா அம்மா இருவரும் இல்லை. அவனோடு விளையாடும்போது எங்கள் பழைய வீட்டுத் திண்ணை, அதன் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி எல்லாம் எனக்குத் திரும்ப வருகிறது. வேறு யாரோடு எத்தனை மணி நேரம் பேசினாலும் அது வராது.

சரி, பேசவேண்டியதை எப்போதுதான் பேசுவது என்று கேட்பீர்கள். எங்களுக்கு நாலாவது வருஷம் வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மாதம் தம்பி வரவில்லை. எனக்கு அதில் ஆழமான வருத்தம் இருந்தது, அவனுக்கும் அது தெரியும். குபேர லிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகலான வழியில் ஒருக்களித்து ஊர்ந்து வெளியே வந்தவன், சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "அந்த மாசம் நான் வந்திருக்கணும்க்கா" என்றான். "ஆமாம், வந்திருக்கணும்" என்றேன். அவ்வளவுதான். ஈசான்ய லிங்கம் வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. அங்கே கடையில் டீ வாங்கிக் கொடுத்தான், குடித்தேன்.

உங்களுக்கு இது முதல் வருஷம்தானே. அடுத்த முறை வெயில் காலத்தைத் தவிர்த்து, மார்கழி, தை பார்த்துப் போங்கள். தார் ரோடு சூடேறினால் குதிகால் வலி இரண்டு பங்காகும். வெறுங்காலோடுதான் நடப்பேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்தால் கனமான காலுறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போங்கள், அப்படி நடப்பவர்கள் நிறைய பேர் உண்டு. தேதியை மட்டும் இப்போதே போன் செய்து அவரிடம் சொல்லிவிடுங்கள். அக்காக்கள் அதை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்வோம்.

அன்புடன்