மகளின் தூக்கத்தைத் தின்னும் தொடர்கதை

கேள்வி: எனக்கு வயது 58. பணி ஓய்வுக்குப் பிறகு எழுதத் தொடங்கினேன். ஒரு நாவல், சில சிறுகதைகள் என்று நோட்டுகள் நிறைந்துவிட்டன. இவற்றை இணையத்தில் வெளியிட ஆசை. எந்தத் தளத்தில் தொடங்கலாம்? சொந்தப் பெயரா, புனைபெயரா? யாராவது கதையைத் திருடிவிட்டால் என்ன செய்வது? தினமும் ஒரு அத்தியாயம் போட்டால்தான் வாசகர்கள் நிலைப்பார்கள் என்கிறார்களே, உண்மையா? எனக்குப் போனில் தமிழ் அடிக்க வராது. என் மகள்தான் அவளுடைய கணக்கில் அடித்து ஏற்றித் தருவதாக ஏற்பாடு. வேலை முடிந்து வந்து இரவு பதினொரு மணிக்கு மேல்தான் அவளுக்கு நேரம் கிடைக்கிறது. ஒரு பக்கம் முடிவதற்குள் தூங்கிவிடுகிறாள். அதனால் முதல் அத்தியாயமே இன்னும் வெளிவரவில்லை. வேகப்படுத்த வழி சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, தளம், பெயர், திருட்டு, தினசரி அத்தியாயம் என்ற நான்கு கேள்விகளும் எழுத வருகிறவர்கள் எல்லோரும் கேட்பவை. அவற்றுக்குப் பதில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியை முதலில் பேசியாக வேண்டும்.

‘ஒரு பக்கம் முடிவதற்குள் தூங்கிவிடுகிறாள். அதனால் முதல் அத்தியாயமே இன்னும் வெளிவரவில்லை.’

நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்த பெண், போனைக் கையில் பிடித்தபடியே தூங்கிப் போகிறாள். அதைப் பார்த்த உங்களுக்கு, பிள்ளை இவ்வளவு களைத்திருக்கிறாளே என்று தோன்றவில்லை. அத்தியாயம் பாதியில் நிற்கிறதே என்றுதான் தோன்றியிருக்கிறது. அவளை வேகப்படுத்த என்னிடம் வழி வேறு கேட்கிறீர்கள். கதை எழுதுகிறவர் நீங்கள். இதே காட்சி உங்கள் நாவலில் வந்திருந்தால் அந்தத் தாயைப் பற்றி என்ன எழுதியிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஓர் அத்தியாயம் 1500 சொல் என்று வையுங்கள். கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, போனில் நிமிடத்துக்கு 20 சொல் தமிழில் அடிப்பதே நல்ல வேகம். அப்படி அடித்தாலும் 75 நிமிடம் ஆகும். பதினொரு மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டே கால். அதன் பிறகு பிழை பார்க்க வேண்டும், பத்தி பிரிக்க வேண்டும், ஏற்ற வேண்டும். இதைத் தினமும் செய்யச் சொல்லலாமா என்பதுதான் உங்கள் நான்காவது கேள்வியின் உண்மையான பொருள்.

பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டிய கடமை உண்டு. அதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுகிற ஆள் இல்லை. உடம்புக்கு முடியாதபோது கூட இருப்பது கடமை. முதுமையில் தாங்குவது கடமை. நல்ல உடல்நலத்தோடு இருக்கும் அம்மாவின் ஆசைக்காகத் தூக்கத்தை இழப்பது அந்தக் கணக்கில் வராது. ‘முடியாதும்மா’ என்று சொல்ல அவளுக்கு வாய் வராது, கேட்பது பெற்றவள் ஆயிற்றே. அவளால் சொல்ல முடியாததைச் சொல்லாமலே புரிந்துகொள்வது தாயின் கடமை. பிள்ளை எவ்வளவு வளர்ந்தாலும் அந்தக் கடமை தீர்வதில்லை.

இன்னொன்று, அவள் கணக்கில் போடுவது. தளத்தின் விதிகளுக்கு ஒப்புதல் தருபவர் கணக்கு வைத்திருப்பவர். அப்படியானால் தளத்தைப் பொறுத்தவரை எழுத்தாளர் உங்கள் மகள்தான். வருமானம் ஏதாவது வந்தாலும் அவள் கொடுத்த வங்கிக் கணக்குக்கே போகும். வாசகர்களின் கருத்துகளும் அவள் போனுக்குத்தான் வரும். ‘இரண்டாவது பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை’ என்று யாரோ எழுதியதை முதலில் அவள்தான் வாசிப்பாள். அம்மாவிடம் சொல்வதா, மறைப்பதா என்று தவிப்பாள். அடிக்கிற வேலை போதாதென்று இந்தப் பாரத்தையும் ஏன் அவள் தலையில் ஏற்றுகிறீர்கள்?

ஆகவே, முதல் வேலை நீங்கள் தமிழ் அடிக்கக் கற்றுக்கொள்வது. வேலைக்குப் போய்ப் பல ஆண்டு கழித்த உங்களுக்கு இது வராது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதுவரை தேவைப்படவில்லை, பக்கத்தில் மகள் இருந்தாள், அவ்வளவுதான்.

ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று ஒலிப்படி அடித்துத் தமிழாக்கும் முறை உங்களுக்குச் சிக்கலாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. உயிரெழுத்து 12, மெய்வரிசைக்கு 18, ஆய்தம் 1, ஆக 31 விசைகளில் 247 எழுத்துகளும் வந்துவிடும். ‘க’ அடித்து ‘ஆ’ அடித்தால் ‘கா’ ஆகிவிடும். பள்ளியில் படித்த உயிர்மெய்க் கணக்குதான், புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. போனுக்குச் செல்லினம் போன்ற செயலிகளில் இது கிடைக்கிறது. முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். தினம் அரை மணி நேரம், உங்கள் நோட்டிலிருந்தே ஒரு பத்தியை எடுத்து அடியுங்கள்.

விரல் வலித்தால் கூகுளின் ஜிபோர்ட் என்ற விசைப்பலகைச் செயலியில் குரல்வழித் தட்டச்சும் உண்டு. நோட்டை வைத்துக்கொண்டு வாசித்தாலே எழுத்தாக விழும். ஆனால் அதை நம்பி அப்படியே ஏற்றிவிடாதீர்கள். லகர, ளகர, ழகரங்கள் இடம் மாறும். ஒற்று விடுபடும். முற்றுப்புள்ளி, மேற்கோள் குறியெல்லாம் நீங்கள்தான் போட வேண்டியிருக்கும். வட்டாரப் பேச்சில் உரையாடல் எழுதியிருந்தால் அது திணறும், அந்த இடங்களைக் கையால் அடிப்பதே நல்லது. இதில் ஒரு லாபமும் இருக்கிறது. உரக்க வாசிக்கும்போது உயிரில்லாத வாக்கியம் உங்கள் காதிலேயே உறுத்தும். அங்கேயே வெட்டிவிடுங்கள். வேறொருவர் அடித்துக் கொடுத்தால் அந்த வாய்ப்பே உங்களுக்குக் கிடைக்காது. நோட்டிலிருந்து திரைக்கு மாற்றும்போதுதான் கதையின் இரண்டாவது வடிவம் பிறக்கும். அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒருவேளை காசு கொடுத்து வெளியில் தட்டச்சு செய்வதாக இருந்தால், எல்லா போனிலும் தளத்திலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்து முறையான யூனிகோடில் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே தளத்தில் ஒட்டினால் புரியாத குறிகளாகத்தான் தெரியும்.

சரி, உங்கள் நான்கு கேள்விகள். தமிழில் பெரிய வாசகர் கூட்டம் வேண்டுமென்றால் 2014-ல் தொடங்கிய பிரதிலிபி, இளவயது வாசகர்கள் வேண்டுமென்றால் வாட்பேட். கணக்கை உங்கள் பெயரில், உங்கள் எண்ணில், உங்கள் மின்னஞ்சலில் தொடங்குங்கள். கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாவலை முதலில் எடுக்காதீர்கள், இருக்கும் சிறுகதைகளில் மிகச் சின்னதைப் போடுங்கள்.

புனைபெயர் உங்கள் விருப்பம். தெரிந்தவர்களின் வாழ்க்கையைத் தொட்டு எழுதியிருந்தால் புனைபெயர் மட்டும் அவர்களைக் காக்காது, கதையிலேயே ஆளையும் இடத்தையும் அடையாளம் தெரியாதபடி மாற்ற வேண்டும்.

திருட்டுக்குப் பயந்து முடங்க வேண்டாம். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. தேதி போட்ட அந்த நோட்டுகளைப் பத்திரமாக வையுங்கள், அதுவும் சான்றுதான். அதைவிட அதிகமாக நீங்கள் கவனிக்க வேண்டியது தளத்தின் விதிமுறைகளை. எந்த உரிமையை எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஏற்றும் முன் வாசியுங்கள். அப்புறம், நாவலை ஒருநாள் அமேசானின் கிண்டிலில் மின்னூலாக்கும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். அங்கே கேடிபி செலக்ட் என்ற, அமேசானுக்கு மட்டுமே மின்னூலைக் கொடுக்கும் திட்டத்தில் சேர்த்தால் 90 நாள் அந்த மின்னூல் வேறு எங்கும் இணையத்தில் இருக்கக் கூடாது. மற்ற தளத்தில் இலவசமாகக் கிடக்கும் நாவலை முதலில் நீக்கிவிட்டுத்தான் அதில் சேர்க்க முடியும்.

தினமும் ஒரு அத்தியாயம் தேவையே இல்லை. வாரம் ஒன்று, அதே கிழமை, அதே நேரம் என்று வைத்து, அதைத் தவறாமல் செய்தால் போதும். சொன்ன நாளில் வராத தொடரைத்தான் வாசகர்கள் கைவிடுகிறார்கள். ஆகவே குறைந்தது பத்து அத்தியாயங்கள் உங்கள் கையால் அடித்து, பிழை பார்த்து, வரைவில் தயாராக இருக்கும்வரை நாவலின் முதல் அத்தியாயத்தை வெளியிடாதீர்கள். காய்ச்சல் வந்தாலும் தொடர் நிற்காது, நள்ளிரவில் யாரையும் எழுப்பவும் வேண்டியிருக்காது.

இன்று இரவே மகளிடம் சொல்லிவிடுங்கள், ‘இனி நான் அடித்துக்கொள்கிறேன், நீ தூங்கு’ என்று. ‘பரவாயில்லம்மா, நானே செய்றேன்’ என்றுதான் அவள் சொல்வாள். அதைக் கேட்டு மனம் மாறிவிடாதீர்கள்.