வீட்டில் மாட்டிறைச்சி பர்கர் செய்தால் கட்லட் மாதிரித்தான் வருமா?

வராது. கேட்டவர் எழுதியிருப்பதைப் பார்த்தால், அரைத்த இறைச்சியில் வெங்காயம், பச்சைமிளகாய், முட்டை, பாண் தூள் எல்லாம் போட்டுப் பிசைந்திருக்கிறார். ஒன்றில் உதிர்கிறது, இல்லாவிட்டால் ரப்பர் போல இறுகுகிறது. வீட்டில் யாராவது தட்டைப் பார்த்து "இது கட்லட்தானே" என்றும் சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல் எவ்வளவு சுடும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள நிந்தவூர். வீட்டுக்காரர் கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த நேரம், ராச்சாப்பாட்டில் பர்கர் பேச்சு வந்தது. "டோஹாவில சாப்பிடணும், அதுதான் பர்கர்" என்றார் அவர். பக்கத்திலிருந்த மதினி, "நம்மட இறைச்சில அது வராது. அறுகம்பைக்குப் போனா வெள்ளக்காரனுக்குச் செய்றத வாங்கித் திங்கலாம்" என்றா. வீட்டுக்காரர் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. "நம்மட இறைச்சில வராது" என்றதுதான் வலித்தது.

அதில் பாதி உண்மை இருக்கிறது. நம்முடைய மாடு மேய்ச்சல் மாடு, நடந்து தின்று வளர்ந்தது. சதையில் கொழுப்புக் குறைவு. இணையத்தில் இருக்கும் செய்முறைகள் தானியம் தின்று கொழுத்த மாட்டை நினைத்து எழுதியவை. அவர்கள் கடையில் வாங்கும் அரைத்த இறைச்சியிலேயே நூற்றுக்கு இருபது பங்கு கொழுப்பு இருக்கும். நாம் வெறும் சதையை அரைத்துவிட்டு, காய்ந்து போகிறதே என்று முட்டையையும் பாணையும் சேர்க்கிறோம். குறைவது கொழுப்பு என்றால் சேர்க்க வேண்டியதும் கொழுப்புத்தான்.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாப்பாவை இறைச்சிக் கடைக்கு அனுப்பி, நெஞ்சுப் பக்கத்து இறைச்சி 400 கிராம், வெள்ளைக் கொழுப்பு 100 கிராம் தனியாக வாங்கிவரச் சொன்னேன். "கொழுப்பு என்னத்துக்கு மாமா?" என்று கேட்டுவிட்டு, அந்தத் தம்பி காசு எடுக்காமலே போட்டுக் கொடுத்தாராம்.

இறைச்சியைக் கழுவினால் நன்றாக வடியவிட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு தாச்சியில் போட்டால் அவியுமே தவிரச் சிவக்காது. பிறகு சதையையும் கொழுப்பையும் சிறு துண்டாக வெட்டி, பரப்பி, அரை மணித்தியாலம் ஃப்ரீசரில் வையுங்கள். விரலால் அழுத்தினால் கொழுப்பு மெழுகாக ஒட்டக் கூடாது, மடக்கென்று உடைய வேண்டும். அந்தப் பதத்தில் அரைத்தால்தான் கொழுப்பு மணி மணியாக நிற்கும். மெசின் இல்லையென்றால் கத்தியால் கொத்துங்கள். மிக்சி களியாக்கிவிடும்.

பிசைய வேண்டாம். நான்கு பங்காக்கி, அள்ளிச் சேர்த்து, பணிஸை (பன்) விடக் கொஞ்சம் அகலமாகத் தட்டி, நடுவில் பெருவிரலால் ஒரு குழி வையுங்கள். சூட்டில் ஓரம் சுருங்கி நடு உப்பும், அதற்குத்தான் குழி. உப்பைக் கடைசியில், தாச்சியில் போடும் நேரத்தில் மேலே மட்டும் தூவுங்கள். முன்னமே கலந்தால் உப்பு இறைச்சியின் புரதத்தைக் கரைத்துப் பசையாக்கி எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துவிடும். உங்களுடைய ரப்பருக்குக் காரணம் அதுவும் பிசைந்ததும். உதிர்ந்ததற்குக் காரணம் வெங்காயத் தண்ணீர்.

இரும்புத் தாச்சி புகைய வேண்டும். போட்ட பிறகு கிளறாதீர்கள், அடி சிவந்ததும் அதுவே தாச்சியை விடும், அப்போது ஒரே தடவை திருப்புங்கள். கரண்டியால் அமுக்கிச் சாறைப் பிழியவும் வேண்டாம். உள்ளே சிவப்பாக வைத்துச் சாப்பிடும் பழக்கத்தைப் பார்த்துப் பழகாதீர்கள். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், அரைத்தால் உள்ளே எல்லாம் கலந்துவிடும். நடுப்பகுதி 71 பாகை செல்சியஸைத் தொட வேண்டும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

பணிஸும் வீட்டில்தான் செய்தேன். கோதுமை மா 250 கிராம், ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, ஒரு முட்டை, பட்டர் 30 கிராம், மா மெதுவாகும் அளவுக்கு இளஞ்சூட்டுப் பால். இழுத்தால் கிழியாமல் மெல்லிசாக விரியும்வரை குழையுங்கள். நம்முடைய வெக்கைக்குச் சீக்கிரமே பொங்கிவிடும், மணிக்கூட்டைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். உருட்டி, திரும்பப் பொங்கவிட்டு, 180 பாகையில் நிறம் வரும்வரை சுட்டால் போதும். நறுக்கி, உள்பக்கத்தை அதே தாச்சிக் கொழுப்பில் வாட்டுங்கள்.

"வெங்காயம் இல்லாத பர்கரா" என்று வருபவர்களுக்கு: வெங்காயம் தாராளமாகப் போடுங்கள், இறைச்சிக்கு வெளியே. 1921இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய வைட் காசில் பர்கர் கடைக்காரர்கள் வெங்காயத்தின் மேல் இறைச்சியை வைத்து அவிக்கிறார்கள், உள்ளே பிசைவதில்லை. கட்லட்டை நான் குறை சொல்லவும் இல்லை. எங்கள் வீட்டில் நோன்பு திறக்கக் கட்லட் இருக்கும். அது வேறு, இது வேறு.

மதினி இரண்டு சாப்பிட்டா. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவதை எடுத்தார். அதற்குப் பிறகு நான் ஓடருக்கும் செய்யத் தொடங்கினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டிலிருந்து செய்து கொடுக்கும் பெண்களிடம் "வீட்டிலதானே செய்றீங்க, கடை விலை எதுக்கு?" என்று கேட்காதீர்கள். இறைச்சிக்கும் பட்டருக்கும் கரண்டுக்கும் எனக்கு யாரும் வீட்டு விலை போடுவதில்லை. 2022இல் காஸ் கிடைக்காத காலத்தில் விறகடுப்பில் நின்று செய்தேன், அப்போதும் இதே பேச்சு. ஒரு கல்யாண வீட்டுக்காரர் ஓடர் தந்துவிட்டு, எடுக்கிற அன்று போனை நிறுத்திவைத்தார். சொந்தக்காரர் வேறு. முற்பணம் வாங்காமல் இப்போது நான் அடுப்பே மூட்டுவதில்லை, அதற்காக என்னைக் காசுக்காரி என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

கேள்விக்கு வருகிறேன். போயா (முழுநிலா விடுமுறை) தினத்தில் இறைச்சிக் கடை பூட்டு, அதைப் பார்த்து முதல் நாளே வாங்கிவிடுங்கள். அரைத்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். மிஞ்சினால் தட்டி, இடையில் எண்ணெய்த்தாள் வைத்து ஃப்ரீசரில் அடுக்குங்கள். உப்புத் தூவாமல்.