கல்லீரலுக்குள் கொழுப்பைச் சுமப்பது யார்? வாசகர் கேள்விகள்

கே: செல்லுக்குள் தண்ணீர்தானே அதிகம், கொழுப்பு எப்படிக் கலக்கிறது?

கலக்காது. எஃப்.ஏ.பி.பி-1 என்ற சின்னப் புரதம் இரண்டு கொழுப்பு அமிலங்களைத் தன் குழிக்குள் பொத்திக்கொண்டு தூக்கிப் போகிறது.

கே: எம்.டி.பி. புரதத்தை மருந்தால் தடுத்தால் கொழுப்பு குறையுமா?

ரத்தத்தில் குறையும். ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை அப்போ பி-100 என்ற சுமக்கும் புரதத்தின் மீது ஏற்றி, ரத்தத்துக்குப் போகும் வி.எல்.டி.எல். துகளாகக் கட்ட உதவுவது கல்லீரல் செல்லில் உள்ள எம்.டி.பி. ஏற்ற ஆளில்லாவிட்டால் சரக்கு கிடங்கிலேயே தங்கிவிடும். 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோமிடாபைட் இப்படித் தடுக்கும் மருந்துதான். ஓர் அரிய பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய்க்குத் தருகிறார்கள். கல்லீரலில் கொழுப்பு சேர்வது அதன் பக்கவிளைவு. ரத்தக் கொழுப்பின் அளவு வேறு, கல்லீரல் நிலை வேறு. எப்போதும் சொல்வதுதான்.

கே: ஸ்கேனில் ஃபேட்டி லிவர் (கல்லீரல் கொழுப்பு) கிரேடு 1. எனக்கு எந்தப் புரதம் குறைவு?

ஸ்கேன் கொழுப்பைக் காட்டும், புரதத்தைக் காட்டாது. வயது, எடை, சர்க்கரை, மது என எதையுமே எழுதாமல் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

கே: கொழுப்பை வெளியேற்றுவது புரதம் என்றால், புரோட்டீன் பவுடர் குடித்தால் ஃபேட்டி லிவர் சரியாகுமா?

இந்த மாதம் இதையே நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. நீங்கள் குடிக்கும் புரதம் குடலிலேயே அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். எம்.டி.பி.யையும் அப்போ பி-யையும் கல்லீரல் செல் தன் மரபணுவைப் பார்த்துத் தானே செய்துகொள்கிறது. டப்பாவில் இருக்கும் புரதம் அங்கே போய் வேலைக்குச் சேராது.

குவாஷியோர்கர் என்ற ஊட்டக்குறைவு நோய் வந்த குழந்தைகளின் கதை வேறு. கடும் ஊட்டக்குறைவில் அப்போ பி போதிய அளவு உருவாகாததும் அவர்கள் கல்லீரலில் கொழுப்பு தேங்க ஒரு காரணம் என்பார்கள். அவர்களுக்குப் புரதம் உண்மையிலேயே தேவை. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடும் நமக்குப் பிரச்சினை சுமப்பவர் குறைவது அல்ல, பெரும்பாலும் சரக்கு வரத்து மிகுவதுதான். மிகுதிக் கலோரி, இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்காமை) இரண்டும் அதற்கு முக்கியக் காரணங்கள். பவுடரில் சர்க்கரை இருந்தால் வரத்து இன்னும் கூடும். விற்பவர் பேச்சைக் கேட்டுப் பணத்தைக் கொட்டாதீர்கள். உடல் பருமன் இருந்தால் எடையில் நூற்றுக்கு ஐந்து, பத்து பங்கு குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு நன்றாக இறங்கும்.

கே: விரதம் இருந்தால் கொழுப்பு கல்லீரலுக்கு வருமாமே?

வரும். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக் குழு அப்படி வந்த கொழுப்பு என்ன ஆகிறது என்று எலிகளில் அழகாகக் காட்டியது. சாப்பிட்ட பிறகு இன்சுலின் தூண்ட, கைனசின்-1 புரதம் கொழுப்புத் துளியைப் பிடித்து நுண்குழல் என்ற தண்டவாளம் வழியே செல்லின் ஓரத்துக்கு இழுத்துப் போகிறது. வி.எல்.டி.எல். செய்ய அங்கே அது பயன்படும். பட்டினியில் துளிகளின் மேலுள்ள கைனசின் குறைந்துவிடும். அதனால் வந்து குவியும் கொழுப்பு ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டாது. இங்கேயும் பாருங்கள், ரத்த அளவு வேறு, கல்லீரல் நிலை வேறு. அப்புறம், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நீண்ட விரதம் இருக்காதீர்கள்.