பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன்: கவனம் நிற்காத மகனைப் பற்றி ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டது, பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று பள்ளியில் கேட்கிறார்கள், மகனோ புத்தகத்தின் முன் பத்து நிமிடம்கூட உட்காருவதில்லை, ஆனால் தாத்தாவின் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டால் சாப்பாட்டையும் மறந்து இரண்டு மணி நேரம் அதிலேயே கிடக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். விரல் ரேகையை வைத்து மூளையின் திறனைக் கணித்துத் தருவதாகச் சொன்ன ஒரு மையத்தில் பணம் கட்டி வாங்கிய அறிக்கையின் நகலையும் அனுப்பியிருந்தீர்கள். அவனுக்குக் கவனத் திறன் குறைவு, கணிதம் சேர்ந்த பிரிவு ஒத்துவராது என்று அதில் அச்சிட்டிருக்கிறது.

அந்த அறிக்கையை முதலில் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். விரல் ரேகைகள் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடுகின்றன. மூளையோ பிறந்த பிறகும் இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்தும் மாறியும் வருகிறது. முன்னதைப் பார்த்துப் பின்னதை அளக்கலாம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. இடது மூளை இத்தனை சதவீதம், வலது மூளை இத்தனை சதவீதம் என்று அதில் போட்டிருக்கும் கணக்கும் அப்படிப்பட்டதுதான். கவனம் செலுத்தும் எந்த வேலைக்கும் மூளையின் இரு பாதிகளும் சேர்ந்தே இயங்குகின்றன. கடன் வாங்கிக் கட்டிய பணம் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது மிகவும் வருந்தினேன். அந்தப் பணம் திரும்பி வராமல் போகலாம், ஆனால் அந்தத் தாளை நம்பி அவனுடைய பிரிவை முடிவு செய்வது அதைவிடப் பெரிய இழப்பாகிவிடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கவனம் என்பது மூளையில் ஓரிடத்தில் இருக்கும் ஒரே பொருள் அன்று. மைக்கேல் போஸ்னர், ஸ்டீவன் பீட்டர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-இல் அதை மூன்று வேலைகளாகப் பிரித்துக் காட்டினார்கள்: விழிப்போடு இருப்பது, ஒன்றின் பக்கம் திரும்புவது, திரும்பியதில் நிலைத்து நின்று மற்றவற்றைத் தள்ளிவைப்பது. ஒவ்வொன்றுக்கும் மூளையில் வெவ்வேறு பகுதிகள் பொறுப்பு. ஆகவே "கவனம் இல்லை" என்று ஒருவர் சொன்னால், இந்த மூன்றில் எது தடுமாறுகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

விழிப்புக்கு அடித்தளம் மூளைத் தண்டு. அங்கே லோகஸ் செருலியஸ் என்ற மிகச் சிறிய நரம்பணுத் திரள் ஒன்று இருக்கிறது. பெயருக்கு நீலப் புள்ளி என்று பொருள். அதிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள் மூளை முழுவதும் பரவி நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, வருவதை ஏற்க மூளையை ஆயத்தமாக வைக்கின்றன. தூக்கம் குறைந்தால் முதலில் தளர்வது இந்த ஆயத்த நிலைதான். மகன் இரவு பதினொன்றரைக்குப் படுத்து, காலை ஐந்து மணி டியூஷனுக்காக நாலரைக்கு எழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவன் தூங்குவது ஐந்து மணி நேரம். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. அதோடு, இந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. ஒன்பது மணிக்கே படு என்றால் அவனுக்குத் தூக்கம் வராததற்குப் பிடிவாதம் மட்டும் காரணமல்ல. உங்கள் கடிதத்தில் என் மனத்தை அதிகம் உறுத்தியது இந்த இடம்தான். அந்தக் காலை டியூஷனை மாலைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். டியூஷனையே நிறுத்தச் சொல்கிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம், ஆயினும் பொறுப்போடுதான் சொல்கிறேன். பகலில் படித்தது நினைவில் பதிவதற்கும் தூக்கம் தேவை. ஹிப்போகேம்பஸ் என்ற கடல்குதிரை வடிவப் பகுதி புதிதாகக் கற்றதை இரவில் மீண்டும் ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துகிறது.

இரண்டாவது வேலையான திரும்புதலில் உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் உள்ள மூளை மடலுக்கும், அவன் பத்தாம் வகுப்பு அறிவியலில் படித்த, மூளையின் நடுவில் உள்ள தலாமசுக்கும் பெரிய பங்கு உண்டு. பக்கவாதத்தில் அந்த மடலின் வலப்பக்கம் பழுதுபட்ட சிலர், கண் நன்றாகத் தெரிந்தும், தட்டின் வலது பாதியில் உள்ள சோற்றை மட்டும் உண்டுவிட்டு இடது பாதியை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தப் பக்கம் ஒன்று இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றாது. கண் பார்ப்பதும் கவனம் அங்கே போவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. திடீரென்று கேட்கும் ஒலியும் மின்னும் ஒளியும் இந்த அமைப்பைக் கேட்காமலேயே இழுத்துவிடும். எனவே படிக்கும் நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். வீட்டுத் தொலைக்காட்சிக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது வேலைதான் நீங்கள் கவலைப்படுவது. இதை நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்நெற்றிப் புறணியும், அதன் உட்புறத்தில் அமைந்த சிங்குலேட் என்ற பகுதியின் முன்பாகமும் செய்கின்றன. என்னிடம் வரும் மாணவர்களுக்கு ஒரு சிறிய அட்டையைக் காட்டுவேன். அதில் "சிவப்பு" என்ற சொல் பச்சை மையில் எழுதப்பட்டிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல் என்பேன். உதடு "சி" என்று தொடங்கி, நின்று, பிறகுதான் "பச்சை" என்று வரும். ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனையின் தமிழ் வடிவம் அது. பழகிய பதிலைத் தடுத்து வேண்டிய பதிலை வெளியே கொண்டுவரும் அந்த ஒரு கணத் தயக்கத்தில்தான் முன்நெற்றிப் புறணியின் உழைப்பு தெரிகிறது.

இந்தப் பகுதி கடைசியாகத்தான் முதிர்கிறது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் 13 பிள்ளைகளை நான்கு வயது முதல் இருபத்தொரு வயது வரையான பருவத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. படம் எடுத்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பார்வை, தொடுவுணர்வு, அசைவு போன்றவற்றுக்கான பகுதிகள் முதலிலும், திட்டமிடுவதற்கும் அடக்கிக்கொள்வதற்கும் உரிய பகுதிகள் இறுதியிலும் முதிர்வதைக் கண்டார்கள். பதினைந்து வயதில் உங்கள் மகனிடம் இருப்பது இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் வீடு. அவனுடைய அக்கா, கல்லூரி முடித்தவர், மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிப்பதோடு அவனை ஒப்பிடாதீர்கள்.

ரேடியோவின் முன் மட்டும் எப்படி இரண்டு மணி நேரம்? அங்கே ஒவ்வொரு திருகாணியும் உடனுக்குடன் ஒரு பலனைத் தருகிறது. கம்பி பொருந்துகிறது, ஒலி வருகிறது அல்லது வரவில்லை. அத்தகைய பலனை எதிர்நோக்கும்போது டோபமைன் என்ற வேதிப்பொருள் வழியே இயங்கும் மூளைப் பகுதிகள் கவனத்தைத் தாமே பிடித்து வைத்துக்கொள்கின்றன. இயற்கணிதத்தில் பலன் தாமதமாக வருவதால் முன்நெற்றிப் புறணி தன் முயற்சியால் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. இதை வைத்து "இவனுக்கு எலக்ட்ரானிக்ஸ்தான்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த ஆர்வம் நல்ல தடயம், அவ்வளவே.

இதில் பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒரு கணக்கைப் போடும்போது பல படிகளை மனத்தில் ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ள வேண்டும். அந்தச் செயல்நினைவில் பெரியவர்களுக்கே ஏறத்தாழ நான்கு செய்திகள்தான் நிற்கும். ஏழாம் வகுப்புப் பின்னக் கணக்கு கைக்கு வராத மாணவனுக்கு இருபடிச் சமன்பாட்டின் நடுவே 3/4-ஐயும் 2/3-ஐயும் கூட்டுவதிலேயே அந்த இடமெல்லாம் தீர்ந்துவிடும். அடுத்த படி நழுவும், எழுந்து போகத் தோன்றும். நாம் அதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைக்கிறோம். இப்படி வந்த மாணவர்கள் பலர், விட்டுப்போன பாடத்தைத் திரும்பக் கற்ற பிறகு அரை மணி நேரம் எழாமல் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இருந்தாலும் ஒன்றைத் தவறவிடக் கூடாது. கவனமின்மையும் பரபரப்பும் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, வீட்டிலும் பள்ளியிலும் ஒருசேரத் தெரிந்து, அன்றாட வாழ்வைப் பாதித்தால் அது ஏ.டி.எச்.டி. என்ற நிலையாக இருக்கக்கூடும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மனநல மருத்துவர். நானும் சொல்லக் கூடாது, விரல் ரேகை மையமும் சொல்லக் கூடாது. தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் இப்படி ஏதேனும் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஐயம் இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம், முதலில் பேசிப் பார்க்க 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி மையத்தையும் அழைக்கலாம். அந்த நிலை இருப்பதாகவே தெரிந்தாலும், அதனால் எந்தப் பிரிவும் அவனுக்கு மூடிப்போவதில்லை.

பிரிவைப் பற்றி என் கருத்து இது. அவனுக்கு இயற்பியல் பிடித்திருந்து, பின்னக் கணக்கின் ஓட்டைகளை இந்த விடுமுறையிலேயே அடைக்க முடிந்தால், கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் அடங்கிய பிரிவை எடுக்கட்டும். இரண்டாண்டு ஏட்டுப் படிப்பு அவனை வதைக்கும் என்று அவனே சொன்னால், பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு எலக்ட்ரானிக்ஸ் பட்டயப் படிப்பு இருக்கிறது. அங்கே ஆய்வகமும் பட்டறையும் வாராவாரம் உண்டு. அதை முடித்தவர்கள் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உள்ளது. உறவினர்கள் அதைக் குறைவாகப் பேசினால் பொருட்படுத்தாதீர்கள்.

பள்ளியில் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். அந்த ஏழு நாளும் எட்டு மணி நேரம் தூங்க விடுங்கள். இருபது நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு என்று வைத்து, படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். எத்தனை முறை எழுந்தான் என்று நீங்கள் திட்டாமல் குறித்து வாருங்கள். வரும் சனிக்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அந்தக் குறிப்பும், எட்டாம் வகுப்பிலிருந்து வைத்திருக்கும் கணக்கு நோட்டுகளும், முடிந்தால் அந்த ரேடியோவும் வேண்டும். முதல் அரை மணி நேரம் நான் அவனிடம் மட்டும் பேசுகிறேன்.