புள்ளி வெட்டும் நடுவருக்கு

கேள்வி: பொது அறிவுப் போட்டியில் "உலகில் எத்தனை நாடுகள்?" என்று கேட்டார்கள். 193 என்றேன். 195தான் என்று நடுவர் புள்ளியை வெட்டிவிட்டார். எது சரி?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: நடுவர்! இந்த வர்க்கத்தோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை ஒரே அச்சுத்தான். கையில் பொது அறிவுப் புத்தகம், மேசையில் மணி, பரிசுக்குச் சுவர்க்கடிகாரம். புத்தகத்தில் அச்சுப்பிழை இருந்தால் அதற்கும் இரண்டு புள்ளி. மணி அடித்தபின் கலிலியோவே வந்து வாதாடினாலும் எடுபடாது.

193 என்பது ஐ.நா. உறுப்பினர் தொகை. கடைசியாகச் சேர்ந்தது தென் சூடான், 2011இல். வாக்குரிமை இல்லாத அவதானிகளான வத்திக்கானையும் பலஸ்தீனத்தையும் கூட்டினால் 195. தாய்வானும் கொசோவோவும் இரண்டிலும் இல்லை. ஒலிம்பிக்காரரிடம் கேட்டால் 206, உதைபந்தாட்டத்தை நடத்தும் பீபாவிடம் கேட்டால் 211.

நாடு என்று சொல்ல 1933இன் மொன்டெவிடியோ உடன்படிக்கை கேட்பது நான்கு: நிலையான சனத்தொகை, வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைக்கும் தகுதி. இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கில்லை. காத்தான்குடிச் சனத்தில் பாதிகூட இல்லாத நவுரு 1999 முதல் ஐ.நா.வில் இருக்கிறது. எல்லைத் தகராறும் தடையல்ல. எல்லை தீராமலே இஸ்ரேல் 1949இல் உள்ளே போனது. (நல்லவேளை. கல்முனையில் ஒரு பிரதேச செயலகத்துக்கே நாம் படும் பாடு தெரியும்தானே.)

சிக்கல் ஐ.நா.வின் வாசலில்தான். பாதுகாப்புச் சபையின் 15 பேரில் 9 பேர் ஆதரிக்க வேண்டும். நிரந்தர ஐவரில் ஒருவரும் வீட்டோ, அதாவது தடுப்பு வாக்கு, போடக்கூடாது. பிறகு பொதுச்சபையில் மூன்றில் இரண்டு. இந்த வாசலில் நாமே நின்றிருக்கிறோம். 1948இல் சுதந்திரம் பெற்றுப் போய்த் தட்டினோம். பிரித்தானியாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம், திருகோணமலையில் அவர்கள் கடற்படை, இது என்ன சுதந்திரம் என்று சோவியத் ஒன்றியம் வீட்டோ போட்டது. 1955 டிசம்பர் 14ஆம் திகதிதான், வேறு 15 நாடுகளோடு மொத்தமாக உள்ளே விட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் நாடு என்றால், 1952 வரை டி. எஸ். சேனநாயக்க எதற்குப் பிரதமராக இருந்தார் என்று உங்கள் நடுவர் சொல்லட்டும்.

பிழை கேள்வியில். "ஐ.நா. உறுப்பு நாடுகள் எத்தனை?" என்று கேட்டிருந்தால் உங்களுக்கு முழுப்புள்ளி. அவர் மறுப்பு எழுதினால் பிரசுரிப்பேன், ஒரு பக்கத்துக்குள். மேற்கிந்தியத் தீவுகளின் தலைநகரம் எதுவென்று மட்டும் இன்னொரு தடவை கேட்க வேண்டாம். அது கிரிக்கெட் அணி, ஐயா. ஒலிம்பிக்கில் ஜமெய்க்காவும் பார்படோசும் தனித்தனியாகத்தான் ஓடுகின்றன.