விதிமீறல் கட்டடத்துக்கு 8 சதவீதத் தள்ளுபடி போதுமா?

கேள்வி: வாடகை வருமானத்துக்காக, மூன்று குடித்தனங்கள் உள்ள பழைய கட்டடம் ஒன்றை விலை பேசி வருகிறேன். மேல்மாடிக் குடித்தனம் அனுமதி வாங்காமல் கட்டியது. மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, வயரிங்கும் மோசம். எல்லாவற்றுக்கும் சேர்த்து நோட்டீஸ் வந்திருக்கிறது. விற்பவர், "8 சதவீதம் குறைத்துக்கொள்கிறேன், உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். எப்படிப் பேரம் பேசுவது?

பதில்: முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். கொடுத்திருந்தால், நான் சொல்லப்போவதில் பாதியை விற்பவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

அந்த 8 சதவீதம் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாகக் கைப்பிடிக்கும் வயரிங்குக்கும் யாரோ வாய்வார்த்தையாகச் சொன்ன செலவாக இருக்கும். மேல்மாடி அந்தக் கணக்கில் இருக்காது. உங்கள் தலைவலியே மேல்மாடிதான்.

கேட்கும் விலை 100, ஆண்டு வாடகை 5 என்று வையுங்கள். அதில் 1.5 மேல்மாடியிலிருந்து வந்தால், அந்த ஒரு குடித்தனத்துக்காக மட்டும் நீங்கள் 30 கொடுக்கிறீர்கள். நாளைக்கே அதை இடிக்கவோ பூட்டவோ சொன்னால் மிஞ்சும் வாடகை 3.5. அதே 5 சதவீத வருமானம் கிடைக்க வேண்டுமானால் கட்டடத்துக்கு நீங்கள் தரக்கூடியது 70தான். பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள், 92இலிருந்து அல்ல. நில மதிப்பைக் காட்டி விற்பவர் சண்டைக்கு வருவார். அதில் ஓரளவு நியாயம் உண்டு, கொஞ்சம் ஏறி வரலாம். ஆனால் இல்லாத வாடகைக்கு விலை கொடுக்காதீர்கள்.

பழுதுச் செலவை இதற்குப் பிறகுதான் கழிக்க வேண்டும். விற்பவர் கூட்டி வரும் ஆள் வேண்டாம். உங்கள் பொறியாளரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். பழைய வயரிங்கைப் பொறுத்தவரை சுவரை உடைத்த பிறகுதான் முழுக் கதையும் தெரியும் என்பதால், நான் எப்போதும் அதன்மேல் 20 சதவீதம் கூட்டிக்கொள்வேன். வேலை நடக்கும் மாதங்களில் வராமல் போகும் வாடகையும் செலவுதான்.

மேல்மாடியை முறைப்படுத்திவிடலாம் என்று விற்பவர் அடித்துச் சொல்கிறாரா? நல்லது, பத்திரப்பதிவுக்கு முன்பே அவரே முடித்துத் தரட்டும். அவசரமாக விற்க வேண்டுமென்றால், விலையில் அந்தப் பங்கை இருவருக்கும் பொதுவான வழக்கறிஞரிடம் நிறுத்தி வையுங்கள். குறித்த தேதிக்குள் ஒப்புதல் வந்தால் பணம் அவருக்கு, வராவிட்டால் உங்களுக்குத் திரும்ப வேண்டும். இதற்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள், மேல்மாடியின் உண்மை நிலை புரிந்துவிடும்.

நோட்டீஸின் நகலை அவரிடம் வாங்குவதோடு நிற்காமல், அதைக் கொடுத்த அலுவலகத்திலும் விசாரியுங்கள். அபராதம் நாள்கணக்கில் ஏறுகிறதா, கெடு எப்போது முடிகிறது, வேறு புகார் உண்டா? இத்தகைய உத்தரவுகள் பெரும்பாலும் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டு வருபவை. கையொப்பம் இட்ட மறுநாள் அது உங்கள் பெயருக்கு வந்த நோட்டீஸ் மாதிரிதான். "பதிவுத் தேதிவரையிலான அபராதம் விற்பவருடையது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

கடன் வாங்குவதாக இருந்தால் வங்கியிடம் இப்போதே நோட்டீஸைக் காட்டிவிடுங்கள். அனுமதியில்லாத பகுதியை மதிப்பில் சேர்க்காமல் கடன் தொகையைக் குறைக்க வாய்ப்புண்டு. காப்பீட்டு நிறுவனத்திடமும் மறைக்க வேண்டாம். மறைத்தது பிறகு தெரிந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

வாடகைதாரர்களின் ஒப்பந்தங்களையும், அவர்கள் கொடுத்த அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மேல்மாடிக்காரருக்கு ஒப்பந்தக் காலம் மீதி இருந்தால், அவரை அனுப்பும் செலவும் விலையிலிருந்து கழிய வேண்டும்.

எந்த விலையில் முடிந்தாலும், வயரிங்கையும் கைப்பிடியையும் முதல் வாரத்திலேயே சரி செய்யத் தொடங்குங்கள். அந்தப் படியில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள்.