பொருளும் வகையும் வரும் ஒப்புமைக் கேள்விகளில் இரண்டு விடைகள் சரியாகத் தெரிந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது?

விடைகளைப் பார்ப்பதற்கு முன்னால், கேள்வியில் இருக்கும் ஜோடியை ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான். பலர் நேராக நான்கு விடைகளுக்குத் தாவிவிடுகிறார்கள். அங்கே குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் தப்பான விடைகளையும் கேள்விக்குச் சம்பந்தம் உள்ளதாகப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள்.

இதைப் பாருங்கள். வீணை : நரம்புக்கருவி :: புல்லாங்குழல் : ? அதாவது, வீணை ஒரு நரம்புக்கருவி என்றால் புல்லாங்குழல் எது? விடைகள்: மூங்கில், இசைக்கருவி, துளைக்கருவி, இசைக்கலைஞர். மூங்கிலும் கலைஞரும் உடனே கழன்றுவிடும். புல்லாங்குழல் இசைக்கருவிதானே, அது எப்படித் தப்பாகும்? தப்பே இல்லை. ஆனால் வீணையும் இசைக்கருவிதான். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, ஒரு படி உள்ளே போய் ‘நரம்புக்கருவி’ என்று கொடுத்திருக்கிறார்கள். நீங்களும் அதே படியில்தான் நிற்க வேண்டும். நரம்புக்கருவி, துளைக்கருவி, தோற்கருவி மூன்றும் ஒரே படி. ஆக, விடை துளைக்கருவி. இரண்டும் சரி என்று தோன்றும் கேள்விகளில் பெரும்பாலும் சிக்கல் இந்தப் படியில்தான் இருக்கும்.

சில நேரம் படியை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. பாதரசம் : உலோகம் :: புரோமின் : ? விடைகளில் ‘திரவம்’ இருக்கிறது, ‘அலோகம்’ இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் புரோமின் திரவம்தான், பாதரசமும் திரவம்தான், அதனால் கை தானாக அங்கே போகும். இங்கே கேட்க வேண்டியது, எதை வைத்து வகை பிரித்திருக்கிறார்கள் என்பது. உலோகம் என்பது தனிமத்தின் இனம். திரவம் என்பது அது இருக்கும் நிலை. முதல் ஜோடி இனத்தைச் சொல்கிறது, எனவே அலோகம். எனக்கு இந்த மாதிரிக் கேள்விகள்தான் பிடிக்கும், மனப்பாடம் மட்டும் போதாது.

அப்புறம் திசை. பறவை : பெங்குவின் :: பாலூட்டி : ? என்று வகையை முன்னால் போட்டால், விடை கீழே இறங்க வேண்டும். வௌவால் சரி. ‘விலங்கு’ மேலே ஏறுகிறது, அதனால் தள்ளிவிடலாம்.

வகை போலவே தெரிந்து ஏமாற்றுபவையும் உண்டு. ‘இது ஒரு வகை’ என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். ரோஜா ஒரு வகைப் பூ, சரி. இதழ் ஒரு வகைப் பூவா? இல்லை, பூவின் பகுதி. மரம் ஒரு வகைக் காடா? காடு மரங்களின் கூட்டம், வகை அல்ல. இப்படிப் பிரித்துவிட்டால், மரம் : காடு :: வீரர் : ? என்ற கேள்விக்கு ‘விளையாட்டு’ என்று எழுத மாட்டீர்கள், ‘அணி’ என்றுதான் எழுதுவீர்கள்.

வகையின் பெயரையே காட்டாமலும் கேட்பார்கள். வீணை : சிதார் :: புல்லாங்குழல் : ? வீணையும் சிதாரும் நரம்புக்கருவி என்று மனதில் சொல்லிக்கொண்டால் மிருதங்கத்தை விட்டு நாதஸ்வரத்தை எடுப்பீர்கள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் பொது அறிவு இல்லையென்றால் மாட்டிக்கொள்வோம். சிலந்திக்கு எட்டுக் கால், பூச்சிக்கு ஆறு. எனவே சிலந்தி பூச்சி இல்லை. திமிங்கலம் மீன் இல்லை. புளூட்டோ 2006 முதல் குறுங்கோள். பழைய கேள்வித் தொகுப்பில் புளூட்டோ : கோள் என்று இருந்தால் அதை அப்படியே மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

பயிற்சிக்கு நூறு கேள்வி போடுவதைவிட, பத்துக் கேள்விகளை நீங்களே தயாரியுங்கள். சரியான விடை எழுதுவது சுலபம். அதோடு மூன்று தப்பான விடை வைக்க வேண்டும்: ஒன்று படி மாறியது, ஒன்று வேறு அடிப்படையில் பிரித்தது, ஒன்று பகுதியோ கூட்டமோ. எழுதியதை நண்பரிடம் கொடுங்கள். அவர் எதில் விழுகிறார் என்று பார்த்தால் அடுத்த கேள்வியை இன்னும் நன்றாகத் தயாரிப்பீர்கள்.